‘வேண்டும்’ என்பது வேண்டுகோள் அன்று

ஆங்கிலத்தில் ‘ஷல்’ என்றும் ‘மே’ என்றும் இரண்டு துணைவினைகள் உள்ளன. இவை தனித்து நின்று எந்தச் செயலையும் குறிப்பதில்லை. வேறொரு வினைக்கு முன்னே நின்று, அந்த வினை கட்டாயமா, அனுமதியா, வெறும் வாய்ப்பா என்பதைச் சொல்லுவதே இவற்றின் வேலை. பாடசாலையில் ஒரு பாடவேளையில் கற்றுப் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிற சொற்கள். ஆயினும், இலங்கையில் தமிழ் மொழிக்குச் சட்டம் வழங்கிய இடத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தால், அதனை இவ்விரு சொற்களின் வரலாறாகவே எழுதிவிடலாம். அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களான மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய இடங்களிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு அலுவலாகச் சென்று, வாசிக்க முடியாத ஒரு கடிதத்துடன் திரும்பும் ஒருவருக்கு இது வெறும் இலக்கணப் பிரச்சினையன்று. எனினும் இலக்கணத்திலிருந்தே தொடங்குவோம்.

‘ஷல்’ என்பதன் பழைய பொருள் ‘கடன்பட்டிருத்தல்’. பழைய ஆங்கிலத்தில் ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுக்க வேண்டியது ஏதும் இருந்தால் அதைச் சொல்லப் பயன்பட்ட வினை அது. ‘மே’ என்பதன் பழைய பொருள் ‘வலுவுடையதாதல்’, அதாவது ஒன்றைச் செய்ய இயலுதல். ஆக, ஒன்று கடனிலிருந்து பிறந்தது. மற்றது ஆற்றலிலிருந்து பிறந்தது. நூற்றாண்டுகள் பல கடந்தும் இவற்றின் பிறவிக் குணம் மாறவில்லை.

எங்கள் தலைமுறைக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர்கள் ஒரு விதியை மனனம் செய்வித்தார்கள். ‘நான்’, ‘நாம்’ என்னும் தன்மைப் பெயர்களோடு ‘ஷல்’ வந்தால் அது சாதாரண எதிர்காலம். முன்னிலையோடும் படர்க்கையோடும் அதே சொல் வந்தால் அது கட்டளை அல்லது உறுதி. 1653இல் ஜோன் வாலிஸ் என்ற கணித அறிஞர் லத்தீன் மொழியில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் இந்த விதியை வகுத்துச் சொன்னார். இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் இவ்விதி பெரும்பாலும் வழக்கிழந்துவிட்டது. சட்டத்தின் மொழியிலோ படர்க்கையோடு வரும் ‘ஷல்’ இன்றும் கட்டளையாகவே நிற்கிறது. ‘அதிகாரி பதில் அனுப்ப’ என்ற தொடருக்கு முன் ‘ஷல்’ வந்தால், அனுப்புவது அவருடைய கடமை. ‘மே’ வந்தால், அனுப்புவதும் விடுவதும் அவருடைய விருப்பம்.

எதிர்மறையில் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ‘ஷல் நொட்’ என்றால் தெளிவான தடை. ‘மே நொட்’ என்றால் இரண்டு பொருள் வரும்: செய்வதற்கு அனுமதியில்லை என்றும் கொள்ளலாம், செய்யாமலும் விடக்கூடும் என்றும் கொள்ளலாம். வினாவில், ‘ஷல் ஐ’ என்று தொடங்குபவர் எதிரில் இருப்பவரின் விருப்பத்தைக் கேட்கிறார். ‘மே ஐ’ என்று தொடங்குபவர் அவரிடம் அனுமதி கேட்கிறார். ‘மே’ என்ற சொல்லுக்கு வாழ்த்தும் பிரார்த்தனையும் ஆகிய மூன்றாவது பயன் ஒன்றும் உண்டு. நமது மரண அறிவித்தல்களின் முடிவில் ‘அல்லாஹ் அன்னாருக்கு மேலான சுவர்க்கத்தை அருள்வானாக’ என்று எழுதுகிறோமே, அதை ஆங்கிலத்தில் எழுதினால் முதற்சொல் ‘மே’யாக இருக்கும்.

தமிழில் இவற்றுக்கு ஈடாக என்ன இருக்கிறது? சட்ட மொழிபெயர்ப்பாளர்கள் வழமையாக ‘ஷல்’ என்பதை ‘வேண்டும்’ என்றும், ‘மே’ என்பதைச் ‘செய்யலாம்’ என்பதில் வரும் ‘லாம்’ விகுதியைக் கொண்டும் பெயர்க்கிறார்கள். ‘செய்யல்’ என்பதோடு ‘ஆம்’ சேர்ந்து ‘செய்யலாம்’ ஆயிற்று. செய்தல் ஆகும், தகும் என்பதே அதன் பொருள். ‘வேண்டும்’ என்பதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘வேண்டு’ என்னும் அடியிலிருந்து கட்டாயத்தைக் குறிக்கும் ‘வேண்டும்’ வருகிறது. விருப்பத்தைக் குறிக்கும் ‘எனக்கு வேண்டும்’ வருகிறது. இரத்தலைக் குறிக்கும் ‘வேண்டுகிறேன்’, ‘வேண்டுகோள்’ ஆகியவையும் அதிலிருந்தே வருகின்றன. கட்டளையிடுபவனும் கையேந்துபவனும் ஒரே வேர்ச்சொல்லைப் பயன்படுத்தும் மொழி நம்முடையது. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

கல்முனைக் கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை விளக்க ஆங்கில இலக்கணமே தேவையில்லை. குர்ஆன் மதரசாவில் அது ஏழு வயதிலேயே கற்றுக்கொள்கிறது. ஃபர்ளு என்பது செய்தே தீர வேண்டிய கடமை. முபாஹ் என்பது ஆகுமானது. செய்தாலும் குற்றமில்லை, விட்டாலும் குற்றமில்லை. ஐவேளைத் தொழுகையை முபாஹ் என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பிள்ளையே உங்களைத் திருத்தும். சட்டத்தில் ‘ஷல்’ என்பது ஃபர்ளு. ‘மே’ என்பது முபாஹ். இனி வரலாற்றைப் பார்ப்போம்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் மிகவும் சிறியது. சிங்களமே நாட்டின் ஒரே அரசகரும மொழி என்று அது விதித்தது. அங்கே பயன்பட்ட சொல் ‘ஷல்’. அதுவரை வழங்கிய மொழிகளை 1960 டிசெம்பர் 31 வரை இடைக்காலத்துக்குத் தொடர்வதற்கு அமைச்சர் வழிசெய்யும் விதிவிலக்கும் அச்சட்டத்திலேயே இருந்தது. அங்கே பயன்பட்ட சொல் ‘மே’. ஒரு மொழிக்குக் கட்டளை, ஏனையவற்றுக்குத் தவணை. அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த பொதுத் தேர்தலில் கல்முனைத் தொகுதியும் பொத்துவில் தொகுதியும் தமிழரசுக் கட்சியின் சார்பில் நின்ற முஸ்லிம் வேட்பாளர்களையே பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தன. வென்றவர்கள் பின்னர் அரசாங்கத்தின் பக்கம் சென்றது வேறு கதை. மொழி என்ற கேள்வி வந்தபோது இந்தக் கரை எப்படி வாக்களித்தது என்பதே இங்கு நினைவுகொள்ளத் தக்கது.

1958 கலவரத்தின் பின்னர், அதே ஆண்டு செப்டெம்பரில், தமிழ் மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. இது 28ஆம் இலக்கச் சட்டம். இதை ஒரு முறை இலக்கணக் கண்ணோடு வாசித்துப் பார்ப்பது பயனுடையது. தமிழ் மாணவருக்குத் தமிழ் மூலம் கல்வி பெறும் உரித்தைச் சொல்லும் பிரிவில் ‘ஷல்’ இருக்கிறது. தமிழில் கல்வி கற்றவர் அரச அதிகாரியோடு நடத்தும் கடிதத் தொடர்பு பற்றிய பிரிவில் ‘மே’ இருக்கிறது. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாகத் தேவைகளுக்குத் தமிழைப் பயன்படுத்துவது பற்றிய பிரிவிலும் ‘மே’தான். இதற்கான ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளிக்கும் பிரிவிலும் அதே ‘மே’.

‘ஆக்கலாம்’ என்று சொல்லப்பட்டவர் எப்போது ஆக்குவார்? விருப்பம் வரும்போதுதான். அந்த ஒழுங்குவிதிகள் 1966 ஜனவரியில்தான் பாராளுமன்றத்தின் முன் வந்தன. இடையில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் கடந்து போயிற்று. அரசாங்கங்கள் மாறின. அம்பாறை மாவட்டமே மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு 1961இல் உருவாகிவிட்டது. அதன் தலைமையகம், சிங்களக் குடியேற்றங்கள் சூழ்ந்த அம்பாறை நகரில் அமைந்தது. தமிழ் பேசும் கரையோர மக்களுடைய காணியும் ஓய்வூதியமும் அனுமதிப்பத்திரமும் அங்கே தீர்மானிக்கப்படலாயின. ‘ஷல்’ வைக்கப்பட்ட தமிழ்மூலக் கல்வியோ இன்றுவரை இந்தக் கரையில் தழைத்து நிற்கிறது. அதற்குக் காரணங்கள் பல. சட்டத்தின் சொல்லும் அவற்றுள் ஒன்று.

இதே இரண்டு சொற்கள் பாக்கு நீரிணையின் அக்கரையிலும் ஒரு நாட்டைக் குலுக்கியிருக்கின்றன. இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து பதினைந்து ஆண்டுகளின் பின், அதாவது 1965 ஜனவரி 26க்குப் பின், ஆங்கிலம் தொடருமா என்பது அங்கே கேள்வியாக இருந்தது. 1963இல் கொண்டுவரப்பட்ட ஆட்சிமொழிகள் சட்டம், இந்தியோடு கூட ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படுவதை ‘மே’ என்ற சொல்லால் அனுமதித்தது. இந்த இடத்தில் ‘மே’ என்றால் ‘ஷல்’ என்றே பொருள் என்று பிரதமர் நேரு மக்களவையில் உறுதி கூறினார். அப்படியானால் ‘ஷல்’ என்றே எழுதிவிடலாமே என்று திராவிட முன்னேற்றக் கழகம் கேட்டது. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணாதுரை இந்த எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். நேருவின் சொல்லை அவர்கள் நம்பவில்லை என்பதன்று இதன் பொருள். நேருவுக்குப் பின் வருபவர் வாசிக்கப்போவது நேருவின் உரையையன்று, சட்டத்தை என்பதே அவர்களுடைய கவலை.

1964 மே மாதத்தில் நேரு மறைந்தார். 1965இன் தொடக்கத்தில் தமிழ்நாடு தீப்பற்றி எரிந்தது; உயிர்கள் பல போயின. 1967 இறுதியில் நிறைவேறி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், இந்தியை ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு நடத்தும் தொடர்புகளுக்கு ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்று ‘ஷல்’ எழுதப்பட்டது. முதலிலேயே எழுதியிருக்கக்கூடிய ஒரு சொல்லுக்கு அந்த மக்கள் கொடுத்த விலை அது.

நாம் இலங்கைக்குத் திரும்புவோம். 1987 நவம்பரில் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 டிசெம்பரில் வந்த பதினாறாம் திருத்தம் அதற்குச் செயல்வடிவம் கொடுத்தது. 22ஆம் உறுப்புரை என்ன சொல்கிறது? சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நிர்வாக மொழிகள். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிர்வாகத்துக்கும் பொதுப் பதிவேடுகளைப் பேணுவதற்கும் உரிய மொழி தமிழ். ஏனைய மாகாணங்களில் சிங்களம். இங்கே பயன்பட்ட சொல் ‘ஷல்’. முப்பது ஆண்டுகளுக்கு முன் ‘லாம்’ என்று தரப்பட்டது இப்போது ‘வேண்டும்’ என்றாயிற்று. சட்டப் புத்தகத்தைப் பொறுத்தவரை இது பெரியதொரு பாய்ச்சல்.

இவ்வுறுப்புரையில் ‘மே’ என்பது முற்றாக இல்லாமற் போய்விடவில்லை. ஒரு பிரதேசப் பிரிவில் வாழும் சிறுபான்மை மொழியினரின் விகிதத்தைக் கருத்திற்கொண்டு, அப்பிரிவில் இரண்டு மொழிகளையும், அல்லது மாகாணத்தின் நிர்வாக மொழியல்லாத மற்ற மொழியை, பயன்படுத்துமாறு ஜனாதிபதி பணிக்கலாம். இது நியாயமான ‘லாம்’. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் இருமொழிப் பிரிவுகள் பிரகடனப்படுத்தப்பட்டது இந்த அதிகாரத்தின் கீழ்தான். மலையகத் தமிழருக்கு அதனால் நன்மையே விளைந்தது.

நம்முடைய விடயத்துக்கு முக்கியமான பகுதி அடுத்து வருகிறது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் ஒரு குடிமகன் அரச அதிகாரியோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும், தான் எழுதிய அதே மொழியில் பதில் பெறவும் உரித்துடையவர். அவருக்கென்று வழங்கப்படும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெறவும் உரித்துடையவர். ஆகவே அம்பாறை நகரின் ஓர் அலுவலகம் எந்த மொழியில் இயங்கினாலும், நிந்தவூரிலிருந்து தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் வந்தாக வேண்டும். தமிழ் நிர்வாக மொழியாக உள்ள இடத்தில் சிங்களத்தில் எழுதுபவருக்கும் இதே உரித்து உண்டு. இதற்குத் தேவையான வசதிகளை அரசு ஏற்படுத்த வேண்டும் என்று 25ஆம் உறுப்புரை சொல்கிறது. அங்கும் ‘ஷல்’.

இந்த ஏற்பாட்டின் இலக்கணத்தைக் கவனியுங்கள். எந்த மொழியில் எழுதுவது என்ற தெரிவு குடிமகனுடையது. அவர் தமிழில் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். ஆக, ‘லாம்’ அவர் பக்கத்தில் இருக்கிறது. அதே மொழியில் பதில் தருவது அலுவலகத்தின் கடமை. ஆகவே ‘வேண்டும்’ அலுவலகத்தின் பக்கத்தில் இருக்கிறது. நடைமுறையில் இவ்விரு சொற்களும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. அலுவலகம் தமிழில் பதில் தரலாம், தராமலும் விடலாம். குடிமகனோ மொழிபெயர்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நமது முறைப்பாடு முழுவதையும் இந்த ஓர் இடமாற்றத்தில் அடக்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

இதனால் என்ன நேர்கிறது? காணிப் பிணக்கு ஒன்றில் விசாரணைக்கு வருமாறு ஒருவருக்குச் சிங்களத்தில் கடிதம் வருகிறது என்று கொள்வோம். கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ அதை வாசித்துச் சொல்லக்கூடிய ஒருவரைத் தேடிப் பிடிக்க இரண்டு நாட்கள். அவர் மேலோட்டமாகச் சொன்னதை நம்பி, காரைதீவுச் சந்தியில் திரும்பிச் சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் பேருந்தில் ஒரு நாள். கருமபீடத்தில் தமிழில் பேசினால் ‘ஏலா’ என்ற பதில். நாளை வா, தமிழ் தெரிந்தவர் வருவார். கடிதத்தின் கடைசி வரியில் ஒரு திகதி இருந்ததும், அந்தத் திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபனை தெரிவிக்காவிட்டால் உரித்து இழக்கப்படும் என்று எழுதியிருந்ததும் பின்னர்தான் தெரியவருகிறது. 2004 டிசெம்பர் 26க்குப் பின் படிவங்களோடும் சுற்றறிக்கைகளோடும் வாழப் பழகிய கரை இது. ஒரு வரி விளங்காமற் போவதன் விலை என்னவென்று இங்குள்ளவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கினர் முஸ்லிம்களும் தமிழரும். பேசும் மொழி தமிழ். கரையோரத்துக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்ற நெடுநாளைய கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் நியாயங்களில் மொழி முதன்மையானது. அக்கோரிக்கை பற்றி இங்கே நான் வாதாட வரவில்லை. புதிய மாவட்டம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், 22ஆம் உறுப்புரை 1988 முதல் நம்மிடம் இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்போம். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்கள் போதாது, மொழிபெயர்ப்பாளர் இல்லை, கருமபீடத்தில் இருப்பவர் என்ன செய்வார் என்று கேட்கிறார்கள். கருமபீடத்தில் இருப்பவரைப் பொறுத்தவரை இது உண்மையாகவும் இருக்கலாம். அவர்மீது சினங்கொள்வதில் பயனில்லை. ஆனால் அவரை அங்கே இருத்திய அரசுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. ஆளில்லை என்பது ‘மே’ என்ற சொல்லுக்கு விடையாகலாம். ‘ஷல்’ என்ற சொல்லுக்கு விடை, ஆளைத் தேடி நியமிப்பதுதான். கடன்பட்டவர் தன்னிடம் பணமில்லை என்பதால் கடன் இல்லாமற் போவதில்லை.

சட்டம் கற்ற நண்பர்கள் வேறொன்று சொல்வார்கள். நீதிமன்றங்கள் எப்போதும் ‘ஷல்’ என்பதைக் கட்டாயமாகவும் ‘மே’ என்பதை விருப்பமாகவும் கொள்வதில்லை என்பார்கள். அதுவும் சரியே. அதிகாரமளிக்கும் சொல்லுக்குப் பின்னால் சில சூழ்நிலைகளில் கடமையும் மறைந்திருக்கும் என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1880இலேயே, ஒக்ஸ்போர்ட் ஆயர் தொடர்பான வழக்கில் விளக்கியிருக்கிறது. இந்தக் குழப்பமே வேண்டாம் என்று, தென்னாபிரிக்கா தனது 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பில் ‘ஷல்’ என்பதை விட்டு ‘மஸ்ட்’ என்று எழுதிக்கொண்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நமது சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்படுபவை. ஆங்கிலம் மொழிபெயர்ப்பு மட்டுமே. தமிழுக்கும் சிங்களத்துக்கும் முரண் வந்தால் சிங்களப் பாடமே மேலோங்கும் என்ற வாசகத்தை நமது சட்டங்களின் கடைசிப் பிரிவில் வழமையாகக் காணலாம். ஆயினும் இவற்றில் எதுவும், தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் தர வேண்டியதில்லை என்ற முடிவுக்கு யாரையும் கொண்டுசெல்லாது. எந்த மொழிப் பாடத்தை எடுத்தாலும் அந்த உரித்து உரித்துத்தான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ‘வேண்டு’ என்ற வேர்ச்சொல்லை மனத்தில் இருத்திக்கொள்ளச் சொன்னேன். அலுவலக வாசல்களில் மனு எழுதுபவர்களின் வாசகத்தைப் பாருங்கள். பத்திரிகை அலுவலகங்களுக்குப் பிரதி அனுப்பப்படும் விண்ணப்பங்களைப் பாருங்கள். ‘தங்கள் பெருங்கருணையினால் எனக்குத் தமிழில் ஒரு பதில் தந்துதவுமாறு மிகத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கின்றேன்’ என்பதே அநேகமாக அச்சில் வார்த்த வாசகம். பணிவு நல்லது. ஆனால் கடனைத் திருப்பிக் கேட்கும் கடிதத்தைத் தருமம் கேட்கும் கடிதம்போல் எழுதினால், வாசிப்பவரும் அதைத் தருமமாகவே நினைப்பார். சட்டம் ‘வேண்டும்’ என்று அலுவலகத்துக்கு இட்ட கட்டளையை நாமே ‘வேண்டுகிறேன்’ என்று நமது இரப்பாக மாற்றிக் கொடுத்துவிடுகிறோம்.

இதற்குப் பதிலாக, மரியாதை குறையாமல் இப்படி எழுதலாம்: ‘அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைக்கு அமைய, இக்கடிதத்துக்கான பதில் எனக்குத் தமிழில் வழங்கப்படுதல் வேண்டும்.’ இந்த ஒரு வரி போதும். அதன் கீழே திகதியிட்டு, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். சிங்களத்தில் பதில் வந்தால் அதையும் இணைத்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணைக்குழு அது. உரிய மொழியில் கருமமாற்ற வேண்டிய அதிகாரி வேண்டுமென்றே அதைச் செய்யாது விடுவது அச்சட்டத்தின் கீழ் தண்டனைக்குரிய குற்றம். மொழி உரிமை மீறப்பட்டால், அடிப்படை உரிமை மீறலுக்கு உள்ளது போலவே, ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு நேரே மனுச் செய்யும் வழியை அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை திறந்து வைத்திருக்கிறது. எல்லோராலும் கொழும்புக்குச் சென்று வழக்காட முடியாது என்பது உண்மை. கடிதத்தில் அந்த ஒரு வரியை எழுத எல்லோராலும் முடியும்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள், சனசமூக நிலையங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சட்டம் படிக்கும் பிள்ளைகள் ஆகியோர் இதைக் கையிலெடுக்கலாம். மனு எழுதுபவர்களைக் கூப்பிட்டு அந்த வரியைக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. தமிழ் நிர்வாக மொழியாக இயங்கும் நமது பிரதேச செயலகங்களில் கடமையாற்றும் உத்தியோகத்தர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. மேலிடத்தோடு எந்த மொழியில் தொடர்புகொள்வது என்பதில் உங்களுக்குச் சங்கடங்கள் இருக்கலாம். உங்கள் ஊரவருக்கு வழங்கும் கடிதமாவது நல்ல தமிழில் இருக்கட்டும். சிங்களத்தில் எழுதி வருபவருக்குச் சிங்களத்தில் பதில் கொடுங்கள். நாம் பிறரிடம் கேட்கும் ‘வேண்டும்’ நம்மையும் கட்டுப்படுத்தும்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள், லண்டனிலோ டொரொன்டோவிலோ தாம் கையொப்பமிடும் ஒவ்வோர் ஆவணத்திலும் இவ்விரு சொற்களைச் சந்தித்திருப்பார்கள். ஊரில் உள்ள வயோதிப உறவினர் ஒருவருக்கு அடுத்த முறை அலுவலகக் கடிதம் எழுதிக்கொடுக்க நேர்ந்தால், அதன் இறுதி வாக்கியத்தில் எந்தச் சொல்லை எழுதுகிறோம் என்பதை ஒரு கணம் நின்று யோசியுங்கள். 1958இல் நமக்கு ‘லாம்’ மட்டுமே தரப்பட்டிருந்தது. 1988 முதல் நமக்குரியது ‘வேண்டும்’. அதை அப்படியே எழுதுவோம்.